இரண்டு மதிப்பெண்

ஆடி மாதம், ஷுவைக்.
தகரக் கூரைக்குக் கீழே தெர்மாமீட்டர்
ஐம்பதைத் தொட்டு நின்றுவிட்டது.
அதற்கு மேல் அதில் எண் இல்லை.
மிஷாரி வந்து சொன்னார்:
“ஹீட்டர் வேலை செய்யணும்.”

குல் ஜமான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

அறுபத்தாறாம் வருட மெர்சிடிஸ்,
பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி தூக்கியிருக்கும்.
பிப்ரவரியில் போட்டி.
நூறு மதிப்பெண்ணில் ஹீட்டருக்கு இரண்டு.
நடுவர் காற்று வரும் வாயில் கை வைத்துப் பார்ப்பாராம்.

டேஷ்போர்டை இறக்கவே நான்கு நாள்.
எனக்கு முன்னால் எவனோ ஒருவன்
எஞ்சினிலிருந்து வரும் ஹோஸை வளைத்து
வந்த வழியே திருப்பி அனுப்பி
கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான்.
அவனைக் குறை சொல்ல முடியாது.
இந்த ஊரில் எந்தப் பைத்தியக்காரன்
வெந்நீரைக் காலடிக்கு வரவழைப்பான்?

பெட்டியைத் திறந்தேன்.
ஒரு பேரீச்சங்கொட்டை, ஐம்பது ஃபில்ஸ்,
தொட்டால் உதிர்கிற நுரை ரப்பர்.
செம்புத் தகடுகளின் இடுக்கில்
மணல் இருக்கும் என்று நினைத்தேன்.
கரி.
பிசுபிசுத்த கரி, துடைக்கத் துடைக்கப் பரவுகிற கரி.
மிஷாரி விரலால் தொட்டார், முகர்ந்தார்.
“தொண்ணூற்றொன்று” என்றார்.
எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது
நண்பகலில் ஹெட்லைட் போட்டு ஓட்டினார்களாம்.
அந்த வருடம்தான் நான் பிறந்தேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லி என்ன ஆகப்போகிறது.

மாசிலாமணி என் பெயர்.
இங்கே எல்லோருக்கும் மாசி.
அன்று முழங்கைவரை மாசு.

வெளியே மண்ணெண்ணெய், உள்ளே வினிகர்.
பித்தளையில் இரண்டு ஓட்டை, ஈயம் வைத்தேன்.
மோட்டாருக்கு கார்பன் பிரஷ் எங்கும் கிடைக்கவில்லை.
ஃபர்வானியாவில் மிக்ஸி பிரஷ் வாங்கி
அரத்தால் ராவிப் பொருத்தினேன்.
நடுவர் அதுவரை தோண்டமாட்டார்.
வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தேன்.
குமிழி வரவில்லை.
வராத குமிழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் முதல் ஓட்டம்.
அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில்.
ஐந்தாவது ரிங் ரோட்டில் முன்னால் ஏதோ விபத்து,
ஒரு வண்டியும் நகரவில்லை.
முள் ஏறுகிறது. ஏறுகிறது. சிவப்பு.
அணைத்தால் திரும்பக் கிளம்பாது, ஒதுங்க இடமில்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் ஹீட்டர் லீவரைக் கடைசிவரை இழுத்தேன்.

எஞ்சினின் காய்ச்சல் மொத்தமும்
எங்கள் முழங்காலுக்கு வந்தது.
கண்ணாடியை இறக்கினால் வெளியே இன்னொரு அடுப்பு.
அவருடைய வெள்ளை திஷ்தாஷா
ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டது.
பக்கத்து வண்டியின் ஏசிக்குள்ளிருந்து ஒரு குழந்தை
ஐஸ்கிரீமை மறந்து எங்களைப் பார்த்தது.
முள் ஒரு மயிரிழை இறங்கியது.
இன்னும் ஒரு மயிரிழை.
“இது எப்படி?” என்றார்.
“சூடு எங்கேயாவது போயாகணுமே” என்றேன்,
பாதி அரபியில், மீதி கையால்.
அவர் சிரித்தார். இருமினார். மறுபடி சிரித்தார்.
இருபது நிமிடம் இரண்டு பேரும் ஒன்றாக வெந்தோம்.
ஷெட்டுக்கு வந்ததும் அவர் ஆபீஸ் ஏசிக்குப் போனார்.
நான் ரேடியேட்டரைக் கழற்றப் போனேன்.

மாசி வந்தது.
போட்டிக்கு முந்தின ராத்திரி வண்டிக்கு நான் காவல்.
கடலோரத் திடல், ஆறு டிகிரி.
மாசிப் பனி மச்சைத் துளைக்குமாம்.
இங்கே மச்சு ஏது, மாசியைத் துளைத்தது.
சீட்டில் உட்காராதே என்று சொல்லியிருந்தார்.
பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை.
முதலில் குளிர்ந்த காற்று.
பிறகு குளிரும் இல்லை, சூடும் இல்லை.
பிறகு கணுக்காலில் மெதுவாக,
யாரோ கம்பளி கொண்டுவந்து வைத்தது போல.
கூடவே லேசாக அந்தக் கரி வாசனை,
எத்தனை கழுவியும் போகாதது.

மறுநாள் நடுவர் குனிந்து கை வைத்தார்.
தலையசைத்தார்.
கையை எடுத்து ஒருமுறை முகர்ந்தார்.
ஒன்றரை போட்டார்.